தசம எண்களை முழுமையாக்குவதில் என் மகள் தடுமாறுகிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது: மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "அடுத்த இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்று கூட்டு, கீழே இருந்தால் விட்டுவிடு" என்ற விதியை மனப்பாடமாகச் சொல்கிறாள். ஆனால் 2.697ஐ இரண்டு தசம இடத்திருத்தமாக எழுதச் சொன்னால், 9உடன் ஒன்று கூட்டி வரும் 10ஐ அப்படியே போட்டு 2.610 என்று எழுதுகிறாள்.

நான் வில்லிவாக்கத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ட்யூஷன் எடுக்கிறேன். உங்கள் மகள் எழுதிய அதே 2.610ஐ ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று நோட்டுகளிலாவது பார்த்துவிடுவேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அவள் கணக்கில் மந்தம் இல்லை. விதியைத்தான் கேட்டிருக்கிறாள், அந்த விதி எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்த எண்ணுக்குக் கிட்ட இருப்பது எது?" இதை விதிக்கு முன்னால் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நானும் முதல் சில வருடங்கள் விதியைத்தான் முதலில் சொன்னேன். ஒரு நாள் ஒரு பையன் 3.42ஐ ஒரு தசம இடத்திருத்தமாக 3.3 என்று எழுதிக் கொண்டுவந்தான். ஏன்டா இப்படி என்று கேட்டேன். "மிஸ், 2 வந்து 5ஐ விடச் சின்னது. சின்னதா இருந்தா குறைக்கணும். அதான் 4ல ஒண்ணு குறைச்சேன்" என்றான். பதில் சொல்லும்போது அவன் முகத்தில் சந்தேகமே இல்லை. 5க்கு மேலே போனால் கூட்டுகிறோம், அப்படியானால் 5க்குக் கீழே வந்தால் கழிக்கத்தானே வேண்டும்? அவன் யோசித்துதான் எழுதியிருக்கிறான். தப்பு நான் சொல்லிக்கொடுத்த முறையில் இருந்தது.

அன்றைக்கே மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், தரையில் சாக்பீஸால் ஒரு நீளக் கோடு போட்டேன். ஒரு முனையில் 3, மறுமுனையில் 4. நடுவில் அடிக்கு ஒன்றாக 3.1, 3.2 என்று 3.9 வரைக்கும் குறிகள். அவனை 3.42இல் நிற்கச் சொன்னேன். 3.4ஐத் தாண்டி, அடுத்த குறிக்குப் போகும் வழியில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் போய் நின்றான். "மழை வருதுடா, பக்கத்துல எந்தக் குறி இருக்கோ அங்க ஓடு" என்றேன். ஒரு எட்டு கூட வைக்கவில்லை, பின்னங்காலை மட்டும் நகர்த்தி 3.4இல் நின்றுகொண்டான். "3.3க்கு ஏன் போகல?" என்றதும் சிரித்துவிட்டான். அதன் பிறகு அவன் அந்தத் தப்பைச் செய்யவே இல்லை.

இடம் இல்லாவிட்டால் தையல்காரர் டேப் ஒன்றைச் சுவரில் ஒட்டி, துணி கிளிப்பை நகர்த்திக் காட்டினாலும் போதும். ஒரு சென்டிமீட்டருக்குள் பத்து மில்லிமீட்டர் கோடுகள் இருப்பதால் பத்தில் ஒன்றாம் இடம் கண்ணுக்கே தெரியும். நூறில் ஒன்றாம் இடத்துக்குத்தான் தாளில் பெரிதாகக் கோடு போட வேண்டியிருக்கும்.

சரி, நட்டநடுவில் நின்றால்? 3.45க்கு 3.4உம் 3.5உம் ஒரே தூரம். "கிட்ட இருப்பது எது" என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. அதனால் மேலே போவோம் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. 3.45க்குப் பின்னால் வேறு இலக்கம் ஏதாவது வந்துவிட்டால், 3.451 என்றாலும் சரி, 3.4500001 என்றாலும் சரி, அது 3.5க்குத்தான் கிட்ட. ஆகவே 5ஐப் பார்த்ததுமே மேலே போகலாம், பின்னால் என்ன இருக்கிறது என்று தேட வேண்டாம். கோடிங் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் சிலர், பைத்தானில் 2.5ஐ முழுமையாக்கினால் 2 வருகிறதே என்று கேட்பார்கள். அங்கே நடுவில் இருந்தால் இரட்டைப்படை எண்ணுக்குப் போவது வழக்கம். எப்போதும் மேலேயே போனால் நீளமான கணக்குகளில் கூட்டுத்தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும் என்பதால் அப்படி. பள்ளித் தேர்வில் 3 என்றுதான் எழுத வேண்டும்.

இப்போது உங்கள் மகளின் 2.697. இது எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது என்று கேளுங்கள். 2.69 என்று உடனே சொல்லிவிடுவாள். அதற்கு அடுத்தது எது என்பதில்தான் நின்றுபோவாள். இங்கே காசைக் கொண்டுவாருங்கள். இரண்டு ரூபாய் அறுபத்தொன்பது காசு, அதோடு ஒரு காசு சேர்ந்தால்? இரண்டு ரூபாய் எழுபது காசு. 2 ரூபாய் 610 காசு என்று யாரும் சொல்வதில்லை. 2.697 நிற்பது 2.69க்கும் 2.70க்கும் நடுவில். கிட்ட இருப்பது 2.70. முடிந்தது.

காசு உதாரணம் நமக்கு வேலை செய்த அளவுக்கு இந்தத் தலைமுறைக்குச் சட்டென்று வேலை செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 25 காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30உடன் போய்விட்டன. ஏழாம் வகுப்புப் பிள்ளை பத்துக் காசைக் கையால் தொட்டிருக்க மாட்டாள். வீட்டில் பழைய நாணயங்கள் இருந்தால் எடுத்துக் கொடுங்கள், எண்ணிப் பார்க்கட்டும்.

2.70 என்பதை 2.7 என்று சுருக்கி எழுதினால் மார்க் குறைக்கிறார்களே என்று பெற்றோர் கோபப்படுவார்கள். குறைப்பது சரிதான். மதிப்பு ஒன்றாக இருக்கலாம், ஆனால் 2.70 என்று எழுதும்போது "நூறில் ஒன்றாம் இடம் வரைக்கும் பார்த்தேன், அங்கே பூஜ்யம் இருக்கிறது" என்று சொல்கிறோம். தி.நகரில் நகைக் கடைத் தராசைப் பார்த்திருப்பீர்கள், 4.000 என்று மூன்று இடம் காட்டும். வெறும் 4 என்று காட்டினால் நாம் நம்பி வாங்குவோமா? கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.846 கிராம் மோதிரத்தை 3.85 என்று எழுதினால் 40 ரூபாய் வித்தியாசம். 3.8 என்று எழுதினால் 460 ரூபாய். அதே 46 மில்லிகிராம் தக்காளியில் குறைந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? எத்தனை தசம இடம் வேண்டும் என்பதை எண் முடிவு செய்வதில்லை, அளக்கும் பொருள் முடிவு செய்கிறது. இதை ஒரு தரம் புரிந்துகொண்ட பிள்ளை, கேள்வியில் "எத்தனை இடத்திருத்தமாக" என்ற வார்த்தையைத் தவறவிடுவதில்லை.

அடுத்து வருவது எல்லாத் தப்புகளிலும் பெரியது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதில் விழுவார்கள். சென்னைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஏரியை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது 3.645 டி.எம்.சி. இதை ஒரு தசம இடத்திருத்தமாக எழுதச் சொன்னால், நிறையப் பேர் கடைசியிலிருந்து படிப்படியாக வருவார்கள். கடைசியில் 5, ஆகவே 3.65. மறுபடியும் கடைசியில் 5, ஆகவே 3.7. ஒவ்வொரு படியும் விதிப்படி சரி. ஆனால் விடை தப்பு. 3.645 என்பது 3.6க்கும் 3.7க்கும் நடுவில், பாதியைத் தொடாமலே நிற்கிறது. பாதி என்பது 3.65. ஆகவே கிட்ட இருப்பது 3.6.

மாடியில் போட்ட கோட்டையே நினைத்துப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து முதலில் ஒரு சின்னக் குறிக்கு ஓடிவிட்டு, அங்கிருந்து மறுபடி "கிட்ட எது" என்று கேட்டால், முதலில் எங்கே நின்றோம் என்பதே மறந்துபோகும். எப்போதும் முதலில் நின்ற இடத்திலிருந்து ஒரே ஓட்டம்தான். ஏரி விஷயத்தில், 3.7 என்றால் அது தாங்குவதை விட 55 மில்லியன் கன அடி, ஐந்தரைக் கோடி கன அடி தண்ணீர் கூட. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியாது.

இதோடு சேர்த்து இன்னொரு கணக்கும் போடச் சொல்வேன். சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்து ஏரிகளின் முழுக் கொள்ளளவு, டி.எம்.சி.யில்: பூண்டி 3.231, சோழவரம் 1.081, புழல் 3.300, செம்பரம்பாக்கம் 3.645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 0.500. ஒவ்வொன்றையும் ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கிவிட்டுக் கூட்டினால் 3.2, 1.1, 3.3, 3.6, 0.5 சேர்ந்து 11.7. முதலில் கூட்டினால் 11.757, பிறகு முழுமையாக்கினால் 11.8. இரண்டு விடைகளுக்கும் வித்தியாசம் 0.1 டி.எம்.சி., பத்துக் கோடி கன அடி. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர், ஆக 283 கோடி லிட்டர். தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் சுமார் இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம் லாரி. ஒரு பெண் இதைப் போட்டு முடித்துவிட்டு, "பாய்ண்ட் ஒண்ணுதானேன்னு நினைச்சேன் மிஸ்" என்றாள். கணக்கின் நடுவில் முழுமையாக்காதே, கடைசியில் ஒரு தடவை மட்டும் செய் என்பதை அதற்குப் பிறகு நான் அவளுக்குத் திரும்பச் சொல்லவில்லை.

முழுமையாக்கச் சொன்னால் மிச்ச இலக்கங்களை வெட்டிப் போட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு. 5.89ஐ 5.8 என்பார்கள். அவர்களுக்கு வான்கூவர் கதையைச் சொல்வேன். கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டெண்ணை 1000இல் தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்று தசம இடத்துக்கு மேல் இருந்ததை வெட்டிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை. 1983 நவம்பரில் அது 524க்கு வந்து நின்றது. சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தால் 1098க்கு மேல். வெட்டினால் எப்போதும் கீழேதான் போகும், கிட்ட இருப்பதைத் தேடினால் மேலும் கீழுமாகப் போய் ஏறக்குறைய சமமாகிவிடும்.

"ரவுண்டா" என்ற நம் பேச்சு வார்த்தை ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது, அதையும் கவனியுங்கள். மளிகைக் கடையில் 46 ரூபாய்க்கு "ரவுண்டா அம்பது குடும்மா" என்பார்கள், 43க்கும் அம்பது கேட்பவர் உண்டு. அது சில்லறை இல்லாததற்கான வழி, கணக்குப் பாடத்தில் வருவது வேறு. அதேபோல 43 பேர் சுற்றுலா போக வேண்டும், ஒரு வேனில் 20 பேர் என்றால் 2.15 வேன். கிட்ட இருப்பது 2தான், ஆனால் மூன்று பேரைத் தெருவில் விட்டுவிட்டா போவது? 3 வேன் வேண்டும். இந்த மாதிரிக் கேள்வியில் முழுமையாக்கும் விதி பொருந்தாது என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்குப் புத்தகம் தேட வேண்டாம். சூப்பர் மார்க்கெட் பில், ஓட்டல் பில் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடியில் "ரவுண்ட் ஆஃப்" என்று ஒரு வரி இருக்கும், +0.40 என்றோ -0.30 என்றோ. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170ஆம் பிரிவும் வரித் தொகையை இப்படித்தான் ரூபாய்க்கு முழுமையாக்கச் சொல்கிறது, 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாய், கீழே இருந்தால் விட்டுவிடலாம். அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு, மேலே இருக்கும் தொகையை மட்டும் காட்டி, எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்று அவளைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் விரலை எடுங்கள். என் பிள்ளைகள் இதைப் போட்டி மாதிரி விளையாடுவார்கள்.

தேர்வு பக்கத்தில் இருந்தால் இன்றைக்குச் சாயங்காலம் 2.697, 4.996, 0.0951 மூன்றையும் இரண்டு தசம இடத்திருத்தமாகச் செய்யச் சொல்லுங்கள். விடையை எழுதும் முன்னால், ஒவ்வொன்றும் எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது என்பதை வாயால் சொல்ல வேண்டும். 4.996க்கு "4.99க்கும் 5.00க்கும் நடுவுல" என்று தயங்காமல் சொல்லிவிட்டாள் என்றால் 2.610 இனி அவள் நோட்டில் வராது. தயங்கினால், சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள்.