ஆறு ஸ்கெட்ச், ஒரு காலண்டர் படம்

வணக்கம் சார்,

பெங்களூரு மல்லேஸ்வரத்துல இருக்கேன், ஐடி வேலை. சனி ஞாயிறு பக்கத்துல இருக்கற சாங்கி டேங்க் ஏரிக்குப் போய் ஏ5 நோட்டுல ஸ்கெட்ச் போடுவேன். ஆறு சேர்ந்ததும் அதையெல்லாம் வச்சு 2க்கு 3 அடி கேன்வாஸ்ல அக்ரிலிக் பெயிண்ட்ல ஒரு படம் பண்ணேன். ஸ்கெட்ச்ல இருந்த உயிரு அதுல வரல. அம்மா பார்த்துட்டு "மளிகைக்கடை காலண்டர் மாதிரி நல்லாருக்குடி"ன்னாங்க. எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன், எங்க தப்பு விடுறேன்?

ஒரு வாசகி

வணக்கம்ங்க,

அம்மா பாராட்டத்தான் செஞ்சாங்க, ஆனா கரெக்டா சொல்லிட்டாங்க. ஆறையும் ஒரே படத்துல ஏத்தினீங்க பாருங்க, அங்கதான் வண்டி கவுந்துச்சு. ரெண்டாவது ஸ்கெட்ச் காலைல போட்டது, வெளிச்சம் இடது பக்கத்துல இருந்து வருது, அஞ்சாவது சாயங்காலம் போட்டது போல, மரத்து நிழல் நேர் எதிர்ப்பக்கம் விழுது, பெரிய படத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கீங்க, இப்போ சாங்கி டேங்குக்கு ரெண்டு சூரியன். பாக்கறவங்களுக்கு இதுன்னு சொல்லத் தெரியாது, ஆனா ஏதோ பொய்யா இருக்குன்னு மட்டும் தோணிடும்.

இன்னொண்ணு, ஏ5 தாள் 148க்கு 210 மில்லிமீட்டர், அகலம் உயரத்தைப் போல சுமார் 1.42 மடங்கு. உங்க கேன்வாஸ் 1.5 மடங்கு. கட்டம் போட்டு அப்படியே பெருசாக்கினா பொருந்தாது, ஓரத்துல மிச்சம் விழும், அந்த மிச்சத்தைத்தான் நீங்க புதர் போட்டு அடைச்சிருக்கீங்க (நானும் ஒரு காலத்துல புதர் மன்னன்தான்). பேசாம முதல்லயே கேன்வாஸ் விகிதத்துக்குப் பொருந்துற மாதிரி தீப்பெட்டி சைஸ்ல அஞ்சாறு சின்னக் கட்டம் போட்டு, வெள்ளை, சாம்பல், கருப்புன்னு மூணே டோன்ல வச்சுப் பாருங்க. அதுல நிக்காத படம் கலர் அடிச்சாலும் நிக்காது. கலரை அங்கயே எழுத்துல குறிச்சுக்கங்க, நான் ஒரு தடவை அல்சூர் ஏரித் தண்ணிக்கு "கழுவாத எவர்சில்வர் தட்டு"ன்னு எழுதி வச்சேன், மூணு மாசம் கழிச்சும் எந்தச் சாம்பல்னு பட்டுனு புரிஞ்சுது. போன் போட்டோவை நம்பினா நிழலெல்லாம் கருப்பாதான் வரும். அக்ரிலிக் வேற, காஞ்சதும் ஒரு படி இருட்டாகும்.

ஸ்கெட்ச்ல நாலு கோடு போட்டு விட்டாலும் மீதிய கண்ணு நிரப்பிக்கும், பெருசாக்கினா அந்த இடமெல்லாம் ஓட்டையாத் தெரியும், அங்க என்ன இருந்துச்சுன்னு மறுபடி போய்ப் பாக்கணும். நீங்க போகல, மனசுல இருக்கற பொதுவான மரத்தைக் கொண்டுவந்து நட்டுட்டீங்க. இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821ல காட்சிக்கு வச்ச வைக்கோல் வண்டிப் படம் இருக்கே, கிட்டத்தட்ட ஆறடி அகலம், சஃபோக் கிராமத்துக் காட்சிய லண்டன்ல உக்காந்து வரைஞ்சாரு. அதுக்கு முன்னாடி அதே சைஸ்ல ஒரு முழு ஸ்கெட்சே போட்டுப் பாத்துட்டாரு, அப்புறமும் வண்டி சரியா எப்படி இருக்கும்னு சந்தேகம், ஊர்ல இருந்த இளைஞன் ஒருத்தன்கிட்ட வரைஞ்சு அனுப்பச் சொல்லி வாங்கினாரு. பொறந்து வளந்த ஊரு, அதுக்கே!

நம்ம லால்பாக் பாறை 300 கோடி வருஷமா ஆடாம அசையாம போஸ் குடுத்துட்டு இருக்கு, அதுக்கே நான் நாலு தடவை திரும்பப் போனேன், நீங்க சாங்கி டேங்குக்குப் போக யோசிக்கலாமா, வீட்லருந்து நடக்குற தூரம்.

மூணாவது ஸ்கெட்ச் ஒண்ணை மட்டும் எடுங்க. மழைக்கு முன்னாடி அவசரத்துல போட்டிருப்பீங்க போல, வானம் வெளுப்பு, தண்ணி அதைவிட இருட்டு, அவ்வளவுதான் அதுல இருக்கு, அதுதான் அழகு. மத்த அஞ்சையும் உள்ள வைங்க. அதே மாதிரி மூட்டமா இருக்கற ஒரு நாள் போங்க. அந்த ஸ்கெட்ச்ல கரை ஓரம் அரை இஞ்சுக்கு ஒரு கருப்புப் புள்ளி இருக்கே, அது நீர்க்காகமா, இல்ல மை சிந்தினதா? கேன்வாஸ்ல அது ரெண்டு இஞ்சுக்கு மேல வரும், பாத்துட்டு வந்து சொல்லுங்க.