கொட்டேஷனில் இல்லாத வரி

அன்புள்ள அக்கா,

உங்கள் பதிவுகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு வயது 33. இன்டீரியர் டிசைன் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மகன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டுக் கணவரின் ஊரான திருச்சிக்கு வந்துவிட்டோம். முதலில் நாத்தனார் வீட்டுக்குக் கிச்சன் செய்து கொடுத்தேன். அதைப் பார்த்து ஒருவர் கூப்பிட்டார், அவர் சொல்லி இன்னொருவர் கூப்பிட்டார். இப்போது ஒரே நேரத்தில் நான்கு சைட் ஓடுகிறது. நல்ல பெயரும் இருக்கிறது.

ஆனால் நான் ஓய்ந்துபோய்விட்டேன். மகனுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. போகிறான். மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். "புள்ள ஏங்கிப் போறான்" என்று அவர் சொன்னால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடாது. சில நாள் சைட்டுக்கே கூட்டிப்போய்விடுகிறேன். அவன் தூங்கிய பிறகு பத்து மணிக்கு உட்கார்ந்து டிராயிங் போடுகிறேன். அப்போதும் வாடிக்கையாளர்களிடமிருந்து போன் வரும். டிசைனுக்கென்று தனியாக எதுவும் வாங்குவதில்லை, ஆசாரி சொல்லும் சதுர அடி ரேட்டுக்கு மேல் கொஞ்சம் வைத்துக்கொள்வேன். கடைசியாக முடித்த வீடு ஐந்தரை லட்சம், இரண்டரை மாத வேலை. கையில் நின்றது 22,000. அதற்கு முந்தைய வீட்டில் 40,000 இன்னும் வரவேயில்லை. "இதுக்கு ஒரு வேலைக்கே போயிடலாமே" என்கிறார் கணவர். தில்லைநகரில் ஒரு ஷோரூம் எடுத்தால் பெரிய ஆர்டர் வருமோ என்றும் யோசிக்கிறேன். குழந்தையையும் தொழிலையும் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்டது குழந்தையைப் பற்றி. எனக்கு உறைத்தது, நடுவில் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன ஒரு வரி: டிசைனுக்கென்று தனியாக எதுவும் வாங்குவதில்லை. உங்கள் ராத்திரித் தூக்கமும் மகனோடு இருக்க வேண்டிய சாயங்காலமும் அந்த வரி வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த ஐந்தரை லட்சம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டரை மாதம் என்றால் சுமார் பத்து வாரம். வாரத்துக்கு மூன்று முறை சைட்டுக்குப் போயிருப்பீர்கள். போகவர நேரத்தோடு ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் என்றால் அதுவே 60 மணி நேரம். அளவெடுத்து, வரைந்து, அவர்கள் மாற்றச் சொன்னதை மாற்றி, 3டி படம் போட்டுக் காட்டியது 40 மணி நேரமாவது இருக்கும். லேமினேட் கடைக்கும் டைல்ஸ் கடைக்கும் அவர்களோடு அலைந்தது ஒரு 20. மொத்தம் 120. போன் பேசியதை நான் சேர்க்கவில்லை. 22,000-ஐ 120-ஆல் வகுத்தால் மணிக்கு 183 ரூபாய் வருகிறது. அதில் பெட்ரோல், போன், லேப்டாப் தேய்மானம் எல்லாவற்றையும் கழியுங்கள். அப்புறம் உங்கள் சைட்டில் வேலை செய்யும் ஆசாரியின் தினக்கூலியை எட்டால் வகுத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆறு வருட அனுபவம் உள்ள டிசைனருக்கு இது சம்பளமே கிடையாது.

உங்களுக்குக் கணக்கு வராமல் இல்லை. எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஷீட் எத்தனை வேண்டும் என்று அரை ஷீட் பிசகாமல் சொல்லிவிடுவீர்கள். ஆனால் தன் நேரத்துக்கு விலை சொல்லும் இடம் வந்தால் பெண்களுக்கு, அதிலும் அம்மாக்களுக்கு, வாய் அடைத்துக்கொள்கிறது. வீட்டைப் பார்த்துக்கொண்டே செய்கிறோம், குழந்தை நேரத்தைத் திருடித்தான் செய்கிறோம், இதற்குப் போய்க் காசு கேட்பதா என்று உள்ளுக்குள் ஒரு கூச்சம். எதிரில் இருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். "வீட்ல இருந்துதானே பண்றீங்க, ஆபீஸ் வாடகைகூட இல்லையே" என்று ஆரம்பிப்பார். நீங்கள் விலையைக் குறைப்பீர்கள். குறைந்த விலைக்கு ஈடுகட்ட நாலாவது சைட்டை ஒப்புக்கொள்வீர்கள். நாலாவது சைட் வந்ததும் பிள்ளை இன்னும் ஏங்கும், உங்களுக்குக் குற்ற உணர்வு இன்னும் கூடும். இந்தச் சுற்றை எங்கே வெட்டலாம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். விலையில்தான் வெட்ட முடியும். இரண்டு சைட்டில் சரியான கட்டணம் வாங்கினால் மற்ற இரண்டை விட்டுவிடலாம்.

இனிமேல் கொட்டேஷனை இரண்டாகப் பிரியுங்கள். முதல் தாளில் டிசைன் கட்டணமும் மேற்பார்வைக் கட்டணமும் மட்டும். முதல் சந்திப்பு இலவசமாக இருக்கட்டும். அளவெடுப்பதற்கு முன்பே டிசைன் கட்டணத்தில் பாதி வந்துவிட வேண்டும். பணம் வராமல் 3டி படத்தை யாருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் படத்தை வேறொரு ஆசாரியிடம் காட்டி "இதே மாதிரி எவ்வளவு ஆகும்" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இரண்டு முறை மாற்றம் கட்டணத்துக்குள் அடங்கும், மூன்றாவதிலிருந்து தனிக் கணக்கு என்று எழுதிவிடுங்கள். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரைதான் போன் எடுப்பேன் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வாயால் சொன்னால் கோபித்துக்கொள்பவர்கள்கூட அச்சில் பார்த்தால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது தாள் பொருளும் கூலியும். இதில் எவ்வளவு விவரம் எழுதுகிறீர்களோ அவ்வளவு பேரம் குறையும். "கிச்சன் ப்ளைவுட், சதுர அடி இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதினால் அவர் சொந்தக்கார ஆசாரி சொன்ன விலையோடு ஒப்பிடத்தான் செய்வார். சிங்க்குக்குக் கீழே வரும் பெட்டிக்கு ஐ.எஸ். 710 என்று இந்தியத் தர எண்ணைப் போட்டே எழுதுங்கள். அந்தத் தரத்து ப்ளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள், ஒட்டு பிரியக் கூடாது. பெட்ரூம் அலமாரிக்கு அவ்வளவு தேவையில்லை, ஐ.எஸ். 303 போதும், அங்கே உங்களுக்குப் பணம் மிச்சம் என்றும் எழுதுங்கள். ஷீட் சைட்டில் இறங்கியதும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் எண்ணையும் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஐந்து லிட்டர் குக்கர் நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்குக் கீழ் டிராயர், கிரைண்டரைத் தூக்காமலே ஆட்டுகிற மாதிரி மேடையில் ஒரு இடம், அதன் பக்கத்திலேயே பிளக் பாயின்ட் என்று நீங்கள் யோசித்து வைப்பவற்றையும் படத்தில் குறித்துக் காட்டுங்கள். அவர்கள் காசு கொடுப்பது இந்த யோசனைக்கு. ப்ளைவுட் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

உங்களுக்கு லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரோடு சேர்ந்து தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் நடத்தியவர். 1924-இல் கணவர் திடீரென்று இறந்தபோது வீட்டில் 11 பிள்ளைகள். அதுவரை வேலை கொடுத்த நிறுவனங்கள் பல, ஒரு பெண்ணை நம்பி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயாராக இல்லை. பெண்ணுக்கு எது தெரியும் என்று அவர்கள் ஒப்புக்கொள்வார்களோ அந்த இடத்தை, அடுப்படியை, அவர் கையில் எடுத்தார். நின்று வேலை செய்யும் உயரம், அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நடக்கும் தூரம் எல்லாவற்றையும் அளந்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியையும் ஃப்ரிட்ஜ் கதவுக்கு உட்புறத் தட்டுகளையும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். 1935-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் ஆனார். இன்றைக்கு நீங்கள் வரைகிற ஒவ்வொரு கிச்சனிலும் அவருடைய அளவைகள் கொஞ்சமாவது இருக்கின்றன. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்தார். அடுப்படியைப் படித்துத் தொழில் செய்தாரே தவிர, தன் வீட்டு அடுப்படியில் தானேதான் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவோம். மாமியார் சொல்வதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு வயதுப் பையனுக்குப் பின்னால் நாள் முழுக்க ஓடுவது அந்த வயதில் லேசான வேலை இல்லை. "புள்ள ஏங்குறான்" என்பதில் "எனக்கு முடியலை" என்பதும் பாதி இருக்கலாம். பள்ளி விட்டு வந்ததிலிருந்து நீங்கள் வீடு திரும்பும் வரை உதவிக்கு ஒரு அம்மாவை வையுங்கள். அந்தச் சம்பளத்தைக் குடும்பச் செலவில் எழுதாதீர்கள், தொழில் செலவில் எழுதுங்கள். 2017-இல் சட்டத்தைத் திருத்திப் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கினார்கள், 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு அது இருக்கிறது. சொந்தத் தொழில் செய்கிற நமக்கு யாரும் காப்பகம் கட்டித் தரப்போவதில்லை. நம் கட்டணத்துக்குள்தான் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

சைட்டுக்குப் பையனைக் கூட்டிப்போவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. தரையில் கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், மரத்தூளுக்குள் நெயில் கன் ஆணிகள் கிடக்கும், தின்னர் வாசனையும் பசை நெடியும் மூடிய அறையில் தேங்கி நிற்கும். பெரியவர்களுக்கே முகமூடி இல்லாமல் நல்லதில்லை. அதைவிட, நீங்கள் சைட்டில் இருக்கும் நேரம் அவன் பாட்டியோடு வீட்டில் இருக்கட்டும். நீங்கள் திரும்பி வந்தபின் போன் அடிக்காத இரண்டு மணி நேரத்தை அவனுக்குக் கொடுங்கள். அவன் ஏக்கம் தீருவது அதில்தான்.

வருடத்தையும் கொஞ்சம் நம் காலண்டரைப் பார்த்துத் திட்டமிடலாம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை. அதனால் ஆவணியிலும் தையிலும் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள், அதற்கு முந்தைய மாதங்களில் நம் உயிர் போகும். வைகாசி முகூர்த்தங்களுக்கான வேலை பள்ளி விடுமுறையோடு மோதும். ஒரு முகூர்த்த மாதத்துக்கு இரண்டு வீட்டுக்கு மேல் தேதி கொடுக்காதீர்கள். மூன்றாமவரிடம் அடுத்த மாதம் என்று சொல்லுங்கள். நல்ல பெயர் இருக்கிறவர்களுக்காகக் காத்திருப்பார்கள்.

பணத்தையும் அதே தேதியோடு கட்டிவையுங்கள். ஆர்டர் உறுதியானதும் பாதி, ஷட்டர், அதாவது அலமாரிக் கதவுகள், சைட்டுக்கு ஏறுவதற்கு முன் நாற்பது சதவீதம், ஒப்படைக்கும் அன்று பத்து. ஒப்படைப்பது கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாளாவது முன்னால் இருக்க வேண்டும். விசேஷம் முடிந்துவிட்டால் பந்தி, பட்டுப்புடவை, மொய் என்று அவர்கள் கை காலியாகிவிடும். "கொஞ்சம் பொறுங்க" என்பார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

ஷோரூம் வேண்டாம். இப்போது வேண்டாம். மாத வாடகை வந்தால் மறுபடி நாலாவது சைட்டுக்குத் தலையாட்ட வேண்டிவரும். அந்த வாடகைக்கு ஒரு சூப்பர்வைசரை வைத்தால் வாரத்தில் மூன்று சைட் நடை ஒன்றாகக் குறையும். அதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். பொருளையும் கூலியையும் சேர்த்து உங்கள் பெயரில் பில் போட்டால், ஐந்தரை லட்சம் வீடு நான்கு முடித்தாலே 22 லட்சம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், இந்த வேலைக்கு வரி 18 சதவீதம். ப்ளைவுட்டுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், ஆசாரி கூலியில் கழிக்க ஒன்றும் இருக்காது. உங்கள் கையில் நிற்பது நான்கு சதவீதம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பொருளை வாடிக்கையாளரே நேரடியாகக் கடையில் பணம் கட்டி வாங்கி, உங்களுக்குக் கட்டணம் மட்டும் வருகிற மாதிரி அமைத்துக்கொள்வது சிறு தொழிலுக்கு நல்லது என்பது என் எண்ணம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் இணையத்தில் நீங்களே செய்துவிடலாம். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு திறந்து, ஒன்றாம் தேதி உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள், தொகை சிறியதாக இருந்தாலும் சரி. கணவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். ஆறு மாதம் கழித்து அந்தக் கணக்கைத் திறந்து அவரிடம் காட்டுங்கள்.

அந்த 40,000 விஷயம். போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆசாரியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். புழங்க ஆரம்பித்த கிச்சனில் ஓரிரு கதவாவது இறங்கியிருக்கும், ஒன்றோடொன்று உரசும். கீல் திருகை இரண்டு சுற்றுத் திருப்பினால் நேராகிவிடும். எல்லாக் கதவையும் சரிசெய்து கொடுத்துவிட்டு, மொத்தத் தொகை, வந்தது, வர வேண்டியது என்று எழுதிய தாளை வீட்டுக்காரரின் கையில் கொடுத்து, எந்தத் தேதி என்று கேளுங்கள். அவர் சொல்லும் தேதியை அவர் முன்னாலேயே அந்தத் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்த வீட்டுக்கான கொட்டேஷனைக் கொடுப்பதற்கு முன் வாடிக்கையாளர் பெயரை எடுத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். டிசைன் கட்டணம் என்ற வரியை முதலில் தேடுவேன், அப்புறம்தான் மற்றதைப் படிப்பேன்.

அன்புடன்,
அக்கா