டி.என்.ஏ. பழுதுநீக்கமும் மூளைக்கட்டி மருந்தும்: கேள்வி பதில்

கேள்வி: கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டிக்குத் தரப்படும் டெமோசோலமைடு சிலருக்கு மட்டும் நன்கு பலனளிப்பது ஏன்?

பதில்: இம்மருந்து கட்டிச் செல்களின் டி.என்.ஏ.வில் பல இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதியை ஒட்டினாலும், செல்லைக் கொல்வது பெரும்பாலும் டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான குவானினின் ஆறாம் இடத்து ஆக்சிஜனில் ஒட்டுவதுதான். எம்.ஜி.எம்.டி. என்ற புரதம் அந்த மெத்திலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு பழுதை நீக்கிவிட்டுத் தானும் செயலிழக்கிறது. இப்புரதத்துக்குரிய மரபணுவின் ஊக்கிப் பகுதி (அதை இயக்கும் பகுதி), மருந்தால் அன்றித் தானாகவே நேர்ந்த மெத்திலேற்றத்தால் முடங்கியுள்ள கட்டிகளில் பழுது நீங்காமல் தங்குவதால் மருந்து எடுபடுகிறது.

கேள்வி: தந்தையின் அறிக்கையில் அந்த ஊக்கிப் பகுதியில் மெத்திலேற்றம் இல்லை என்றுள்ளது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: அறிக்கையை மட்டும் வைத்து நிறுத்தாதீர்கள், சிகிச்சையளிக்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பழுதுநீக்கம் கெட்ட கட்டி எளிதில் அழிய வேண்டுமல்லவா?

பதில்: இக்கேள்வியை எதிர்பார்த்திருந்தேன். மெத்தில் ஒட்டிய குவானின் தவறாகத் தைமின் என்ற எழுத்துடன் இணைகிறது. எம்.ஜி.எம்.டி. அல்லாத மற்றொரு பழுதுநீக்கமான, பொருந்தா இணையைத் திருத்தும் அமைப்பு தைமினை வெட்டியெடுத்தாலும், குவானின் அப்படியே இருப்பதால் மீண்டும் தைமினே வந்து சேர, வீணான இச்சுழற்சி இறுதியில் இழைமுறிவிலும் செல்லின் சாவிலும் முடிகிறது. அதாவது இங்கே கொல்வதே இந்த இரண்டாவது பழுதுநீக்கம்தான். எம்.எஸ்.எச்.6 போன்ற மரபணுக்கள் கெட்டு அவ்வமைப்பு நின்றுபோனால், செல் பழுதோடே பிழைத்துத் திடீர்மாற்றங்களைக் குவிக்கிறது. சிகிச்சைக்குப்பின் திரும்பும் கட்டிகள் சிலவற்றில் இதையே காண்கிறோம்.

மறுப்பு: எதிர்ப்பை வளர்க்கும் மருந்தைத் தராமலிருப்பதே மேல்.

பதில்: ஒப்பமாட்டேன். 2005இல் வெளியான ஆய்வில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 10.4 விழுக்காட்டினரும், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 26.5 விழுக்காட்டினரும் இரண்டாண்டுகள் உயிரோடிருந்தனர்.

மறுப்பு: அந்தப் பலன் மெத்திலேற்றம் உள்ளவர்களுக்குத்தானே?

பதில்: பெரும்பகுதி அவர்களுக்கே, அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) 15.3 மாதத்திலிருந்து 21.7 ஆனது, மற்றவர்களுக்கோ 11.8இலிருந்து 12.7 மட்டுமே. ஆகவே மெத்திலேற்றம் இல்லாத முதியவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் போதுமென்று கருதும் மருத்துவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. முதியவரல்லாத மற்றவர்களுக்கு இதைவிட நல்ல மாற்று கையில் இல்லாதபோது, சிறு பலனையும் மறுப்பது முறையாகாது.

கேள்வி: எம்.ஜி.எம்.டி.யையே மருந்தால் முடக்கினால் என்ன?

பதில்: பென்சைல்குவானின் என்ற மருந்து கொண்டு முயன்றார்கள். எலும்பு மஜ்ஜையும் அப்புரதத்தை நம்பியிருப்பதால் இரத்த அணுக்கள் சரிந்தன. டெமோசோலமைடின் அளவைக் குறைக்க நேர்ந்தது.

கேள்வி: பழுதுநீக்கத்தை அடக்கும் உணவு உண்டா?

பதில்: என் துறையன்று.

கேள்வி: மெத்திலேற்றம் இல்லையென்றால் மாத்திரை வேண்டாமா?

பதில்: மேலே இரண்டாம் பதிலைப் படியுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.