கைப்பையில் இருக்கும் சாவி

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது. 24 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டார், மூன்று வருடமாக நான் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். மருந்து தவறாமல் கொடுப்பதால் ஐந்து வருடமாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வரவில்லை. டாக்டர் சொன்னதன் பேரில் பத்து மாதமாக ஒரு சமூக மையத்துக்கு அனுப்புகிறேன். காலையில் எழுப்பி, குளிக்க வைத்து, மாத்திரை கொடுத்து, கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருகிறேன். அங்கே டாக்டர் கிடையாது, சிகிச்சை என்று எதுவும் கிடையாது. பட்டம் வாங்கிய பிள்ளையைக் கூட்டிப் பெருக்க வைக்கிறார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள், வருகைப் பதிவேடு எழுதச் சொல்கிறார்கள். செவ்வாய், வெள்ளி காலையில் மையத்தைத் திறக்கும் பொறுப்பைக் கொடுத்து ஒரு சாவியும் கொடுத்திருக்கிறார்கள். தொலைத்துவிடுவான் என்று சாவியை நான்தான் என் கைப்பையில் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு நாளும் சீக்கிரம் கிளம்பி, நானே திறந்துவிட்டு அப்படியே அலுவலகம் போகிறேன். வீட்டுக்கு வந்தால் படுத்தே கிடக்கிறான். மாதம் ஒருமுறை குடும்பத்தார் கூட்டம் என்று என்னையும் கூப்பிடுகிறார்கள், எனக்கு ஏது நேரம்? வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்புகிறார், அதோடு சரி. மையத்தை நிறுத்திவிட்டு எங்காவது நிரந்தரமாக ஒரு விடுதியில் சேர்த்துவிடலாமா?
– ஓர் அக்கா

பதில்:

அந்தச் சாவியைத் தம்பியிடம் கொடுங்கள். விடுதியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எழுப்புவது நீங்கள், குளிக்க வைப்பது நீங்கள், மாத்திரை கொடுப்பது நீங்கள், கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நீங்கள். மையத்தில் என்றால் பெருக்க வைப்பதும் எழுதச் சொல்வதும் அவர்கள். இத்தனை வரிகளில் உங்கள் தம்பி தானாக ஏதாவது செய்கிறாரா என்று தேடினால் இரண்டே இடங்கள்தான் கிடைத்தன. ஒன்று, படுத்தே கிடக்கிறான். இன்னொன்று, தொலைத்துவிடுவான். முதலாவது நடப்பது. இரண்டாவது இன்னும் நடக்கவே இல்லை! பத்து மாதத்தில் அவர் சாவியை ஒருமுறையாவது தொலைத்ததாக நீங்கள் எழுதவில்லை, எப்படி எழுதுவீர்கள், தொலைக்கிற அளவுக்கு அது அவர் கையில் இருந்தால்தானே?

நீங்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அம்மா போனபிறகு கூடப்பிறந்தவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள், மூன்று வருடமாக ஒரு வேளை மருந்துகூடத் தவறவில்லை. ஐந்து வருடமாக மருத்துவமனை வாசலை மிதிக்கவில்லை என்றால் அதில் உங்கள் பங்கு பெரியது. இதைக் கேட்கத்தான் நீங்கள் கடிதம் எழுதியிருக்கக்கூடும். ஆனால் இதை மட்டும் சொல்லி அனுப்பினால் உங்கள் தம்பிக்கு நான் துரோகம் செய்ததாகும்.

'சிகிச்சை என்று எதுவும் கிடையாது' என்கிறீர்கள். இந்தக் குறையை நான் பல குடும்பங்களிடம் கேட்டுவிட்டேன், எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள், பட்டதாரிக்குத் துடைப்பமா என்று. முதலில் இந்த நோயைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், இதையெல்லாம் மருந்து ஓரளவு நன்றாகவே அடக்குகிறது. ஆனால் எதிலும் மனம் ஒட்டாமல் போவது, எழுந்து ஒரு வேலையைத் தொடங்க முடியாமல் போவது, பேச்சு குறைந்துபோவது, இவையும் அதே நோயின் இன்னொரு முகம், இவற்றில் மாத்திரைக்கு அவ்வளவு பலம் கிடையாது. நீங்கள் சோம்பல் என்று நினைக்கிற அந்தப் படுக்கை அதுதான். அதை மாற்ற நாளுக்கு ஒரு வடிவம் வேண்டும், காலையில் போக ஓர் இடம் வேண்டும், அங்கே நாம் போகாவிட்டால் ஏதோ ஒன்று நின்றுபோகும் என்ற நிலை வேண்டும். மையம் செய்வது அதைத்தான். டாக்டர் அங்கே இல்லாதது குறையே இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய நாளில் டாக்டரிடம் போங்கள், மருந்தை ஒருநாளும் நிறுத்தாதீர்கள், ஆனால் மையத்தை இன்னொரு மருத்துவமனையாகப் பார்க்காதீர்கள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1940-களில் அமெரிக்காவில் ராக்லாந்து அரசு மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த சிலர், 'நாம் தனியாக இல்லை' என்று பெயர் வைத்துக்கொண்டு தங்களுக்குள் ஒரு குழு அமைத்தார்கள். 1948-இல் நியூயார்க்கில் அவர்களுக்கென்று ஒரு வீடு கிடைத்தது, பின்பக்கத் தோட்டத்தில் ஒரு நீரூற்று இருந்ததால் அதற்கு ஃபவுண்டன் ஹவுஸ் என்று பெயர். 1955-இல் ஜான் பியர்ட் என்பவர் பொறுப்புக்கு வந்தபிறகு, வருகிறவர்களும் ஊழியர்களும் தோளோடு தோள் நின்று அந்த இடத்தை நடத்துவது என்பதே அங்கே அன்றாட வழக்கமாகிவிட்டது. வருகிறவருக்குப் பெயர் நோயாளி இல்லை, உறுப்பினர். ஊழியர்களை வேண்டுமென்றே குறைவாக வைத்திருப்பார்கள், ஏனென்றால் ஊழியர்களே எல்லாவற்றையும் முடித்துவிட்டால் உறுப்பினருக்கு அங்கே என்ன இடம் மிஞ்சும்? சமையலறை, அலுவலக வேலை, தொலைபேசி, வராதவரை ஏன் வரவில்லை என்று கூப்பிட்டு விசாரிப்பது, எல்லாமே பங்கு போட்டுக்கொள்ளும் வேலைகள். இன்று 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த மாதிரி மையங்கள் இருக்கின்றன. உங்கள் தம்பி போகும் இடம் இதே அச்சில் வார்த்ததா என்று எனக்குத் தெரியாவிட்டாலும், ஒரு மனிதரை நம்பி வாசல் சாவியைக் கொடுக்கிற இடம் இதே மனதோடு நடக்கிற இடம்தான்.

சாவி என்பது இந்த நோய் வந்தவர்களின் வரலாற்றில் சின்னப் பொருள் இல்லை. பழைய மனநல மருத்துவமனைகளில் சாவிக்கொத்து எப்போதும் காவலரின் இடுப்பில்தான் தொங்கும். பூட்டுகிறவன் ஒருவன், பூட்டப்படுகிறவன் ஒருவன், யார் யார் என்பதைச் சாவியைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1970-களில் இத்தாலியில் ஃபிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் ட்ரியெஸ்தே நகரத்து மருத்துவமனையின் பூட்டிய வார்டுகளைத் திறந்துவிட்டார், அப்படிப்பட்ட மருத்துவமனைகளை மூடி அந்தந்தப் பகுதியிலேயே மையங்கள் அமைக்க வேண்டும் என்று 1978-இல் அந்த நாடு சட்டமே போட்டது. இவ்வளவு தூரம் மனிதர்கள் போராடி நகர்த்திய சாவி உங்கள் தம்பியின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை வாங்கி நீங்கள் ஜிப் போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள்.

அன்பினால்தான் செய்தீர்கள் என்பீர்கள். தெரியும். 1950-களில் லண்டன் மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியவர்களை ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் குழுவோடு தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைக்கோ கூடப்பிறந்தவர்களிடமோ போனவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. காரணம் தேடிப் போனபோது மூன்று விஷயங்கள் கிடைத்தன: ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, மூன்றாவதாக, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வது. ஆமாம், அதுவும்தான். 1976-இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் இன்னொன்றையும் சொன்னார்கள்: அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. குடும்பத்தால்தான் நோய் வந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொண்டு இரவெல்லாம் அழாதீர்கள். மையத்தில் கழிகிற பகல் நேரம் அவருக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவு உங்களுக்கும் நல்லது என்றுதான் அர்த்தம். கூடப்பிறந்தவர் வீடு அவருக்கு ஏற்ற இடமாக இருக்க முடியும். நீங்கள் அக்காவாக இருந்தால்.

இப்போது அக்காவாக இல்லையா என்று கோபம் வரலாம். வரட்டும். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான். எங்கள் வீட்டில் நல்ல அறை, நல்ல துணி, வேளாவேளைக்கு மருந்து, யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது என்னைப் பள்ளியிலிருந்து தான் கூட்டி வருவதாக அவர் அப்பாவிடம் இரண்டு முறை கேட்டார். 'உனக்கெதற்கு சிரமம்' என்றார் அப்பா. மூன்றாவது முறை சித்தப்பா கேட்கவில்லை, அதன்பிறகு எதையுமே கேட்கவில்லை. 61 வயதில் அவர் இறக்கும்வரை அந்த வீட்டில் அவர் செய்தே ஆக வேண்டிய வேலை என்று ஒன்றுகூட இருந்ததில்லை. பெரியவளான பிறகாவது நான் ஏதாவது ஒரு வேலையை அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் மனதை இன்றைக்கும் அறுக்கிறது, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

விடுதி பற்றி. குடும்பத்தால் உண்மையிலேயே முடியாத நிலைகள் உண்டு, அவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். தம்பி தன்னையோ பிறரையோ காயப்படுத்திவிடுவார் என்று என்றைக்காவது பயம் வந்தால், சாகப் பேசினால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் ஓடுங்கள். உங்கள் வீட்டில் இன்று அந்த நிலை இல்லை. இருப்பது உங்கள் களைப்பு. உங்கள் களைப்புக்கு மருந்து தம்பியை அனுப்பிவிடுவது இல்லை, தம்பிக்காக நீங்கள் செய்வதில் பாதியை அவரிடமே திருப்பிக் கொடுப்பது. பெல்ஜியத்தில் ஹேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. மனநோய் உள்ள அந்நியர்களைத் தங்கள் வீட்டிலேயே கூடச் சேர்த்து வைத்துக்கொள்வது அந்த ஊர்க் குடும்பங்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம், 1930-களின் கடைசியில் அப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஊர் வீடுகளில் இருந்தார்கள். வந்தவருக்கு என்ன நோய் என்ற பெயரைக்கூட வீட்டாரிடம் சொல்வதில்லை. வயல் வேலை, வீட்டு வேலை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என்று அவரவரால் முடிந்தது அவரவருக்கு. முன்பின் தெரியாதவர் வீட்டில் ஒருவருக்கு இவ்வளவு இடம் கிடைக்கிறபோது, அக்கா வீட்டில் உங்கள் தம்பிக்கு ஒரு சாவி வைத்துக்கொள்ளும் இடம்கூடக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அண்ணன் விஷயம். பணம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, எத்தனை தூரத்தில் இருந்தாலும். வாரத்தில் ஒருநாள் தம்பியைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். உங்கள் போனுக்கு அழைத்து 'அவன் எப்படி இருக்கான்' என்று விசாரிப்பதைச் சொல்லவில்லை, தம்பியிடமே பேச வேண்டும், மாத்திரை சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறு எதையாவது. உங்கள் வீட்டில் வேறு யாராவது இருந்தால் அவர்களும்கூடத் தம்பியிடம் ஒரு வேலையைக் கேட்டு வாங்கலாம்.

அந்த மாதக் கூட்டத்துக்கும் போங்கள். நேரமில்லை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன், வாரத்தில் இரண்டு நாள் சீக்கிரம் கிளம்பிக் கதவு திறக்க நேரம் இருந்திருக்கிறது. குடும்பத்தார் நோயைப் பற்றித் தெரிந்துகொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகும் வீடுகளில் நோய் திரும்புவது குறைகிறது என்று பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். அங்கே உங்களைப் போல இன்னொரு அக்கா உட்கார்ந்திருப்பார், நான் எழுதுவதைவிட அவர் சொல்வது உங்களுக்கு உதவும்.

சரி, இனி சாவி. மையத்தாரிடம் முதலில் பேசுங்கள், இவ்வளவு நாள் நீங்கள்தான் திறந்தீர்கள் என்ற உண்மையைச் சொல்லிவிடுங்கள், ஒருவேளை அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர்களிடம் மாற்றுச் சாவி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் மன நிம்மதிக்கு. திங்கட்கிழமை இரவு தம்பியிடம் சாவியைக் கொடுத்து, 'இதை நான் வாங்கி வைத்தது தப்பு' என்று சொல்லுங்கள். அலாரம் வைத்துக்கொள்ள வேண்டுமா, வழியில் கூட யாராவது வர வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். முதல் வாரம் தாமதமாகலாம், அரைமணி நேரம் நாலு பேர் வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். நின்றால் என்ன? அவர்கள் அவரிடம் கேட்பார்கள், உங்களிடம் கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை எத்தனை வருடமாக யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சாவி தொலைந்தே போனாலும் போகட்டும், இன்னொன்று செய்துகொள்ளலாம், தொலைந்ததை மையத்தில் போய்ச் சொல்ல வேண்டியது அவர்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் செருப்பு மாட்டும்போது 'சாவி எடுத்துக்கிட்டியா' என்று உங்கள் வாய் வரைக்கும் வரும். கேட்காதீர்கள்.