ஓடிபியைக் கொடுத்துவிட்டீர்கள், கம்ப்ரஸரையும் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறோம். 2021 மே மாதம் 41,500 ரூபாய்க்கு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி வாங்கினோம். கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. போன வருடம் ஒரு முறை, இந்த மார்ச்சில் ஒரு முறை குளிர்ச்சி குறைந்தது. தெருமுனைக் கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டு 3,200, 3,500 என்று ஜிபேயில் கொடுத்து கேஸ் போட்டோம். பில் தரவில்லை. ஏப்ரலில் ஏசி அடியோடு நின்றுவிட்டது. கம்பெனி ஆள் வர ஆறு நாள் ஆனது. வந்தவர், “வெளியாள் கை வைத்திருக்கிறார், வாரண்டி கிடையாது” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி 18,600 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார். இதய நோயாளியான என் மாமனார் அந்த வெயிலில் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கம்பெனி ஆள் போகும்போது கேட்ட ஓடிபியையும் சொல்லிவிட்டேன். புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி வந்தது. இப்போது அதே மெக்கானிக், பழைய கம்ப்ரஸரை எடுத்துக்கொண்டு 9,000 ரூபாய்க்கு வேறு கம்ப்ரஸர் மாட்டித் தருகிறேன் என்கிறார். கம்பெனி மீது 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: அந்த மெக்கானிக்குக்கு இன்னும் சரி சொல்லவில்லை என்றால், சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றைக்கே போன் செய்து நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆறு நாள் தாமதம், மரியாதையற்ற பேச்சு, மாமனாரின் அவதி எல்லாமே உண்மையாக இருக்கும். ஆனால் அவற்றால் இந்த வழக்கு நிற்கப் போவதில்லை. புகார் மனுவில் இரண்டு வரிக்கு மேல் இவற்றுக்கு இடம் கொடுக்காதீர்கள். நுகர்வோர் ஆணையம் பார்க்கப் போவது ஒரே ஒரு கேள்வியைத்தான்: கம்ப்ரஸர் தன் குறையால் போனதா, வெளியாள் செய்த வேலையால் போனதா?

உங்களுக்குச் சாதகமானதை முதலில் சொல்கிறேன். வாரண்டியில் உள்ள விலக்கை, அதாவது இன்ன நிலையில் வாரண்டி கிடையாது என்ற விதியைக் காட்டி மறுப்பவர்தான் அந்த விலக்கு பொருந்துகிறது என்று காட்ட வேண்டும். ‘வெளியாள் கை வைத்தார்’ என்று ஜாப் ஷீட்டில் (கம்பெனி ஆள் எழுதும் வேலைக் குறிப்பில்) எழுதினால் மட்டும் போதாது, அவர் கை வைத்ததால்தான் கம்ப்ரஸர் போனது என்று காட்டுங்கள் என நான் வாதாடுவேன். இதை ஏற்கும் ஆணையமும் உண்டு. அட்டையில் உள்ள விதியை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஆணையமும் உண்டு. அதற்கு முன்னால், சேவையில் குறைபாடு இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார் செய்பவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதல் அடியை நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

இனி எதிர்த்தரப்பின் பலத்தைப் பாருங்கள். ஏசியில் கேஸ் ஓடுவது மூடிய சுற்றில். ஒழுகாமல் அது குறையாது. வருடத்துக்கு ஒரு முறை கேஸ் போட வேண்டியிருந்தது என்றால், எங்கோ ஒழுகல் இருந்திருக்கிறது, அதை யாரும் அடைக்கவில்லை. சுற்றில் ஓடும் கேஸ்தான் கம்ப்ரஸர் மோட்டாரின் சூட்டையும் தணிக்கிறது. கேஸ் குறைவாக ஓட ஓட மோட்டார் சூடேறி வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) கருகும். வேக்யூம் போடாமல், அதாவது பைப்பில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்காமல், கேஸ் ஏற்றினாலும் உள்ளே ஈரம் தங்கிக் கம்ப்ரஸரைக் கெடுக்கும். கம்பெனியின் வக்கீல் இதைத்தான் சொல்வார், இது வெறும் சாக்கு அல்ல. அதே சமயம், முதல் ஒழுகல் கம்பெனி ஆட்கள் இன்ஸ்டால் செய்தபோது சரியாக முறுக்காத ஃப்ளேர் நட்டில் (பைப்பை யூனிட்டோடு இணைக்கும் நட்டில்) தொடங்கியிருந்தால் கதையே மாறிவிடும். எது நடந்தது என்பது கம்ப்ரஸர் இருக்கும் அந்த அவுட்டோர் யூனிட்டுக்குள் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை.

அதனால்தான் கம்ப்ரஸரைக் கொடுக்காதீர்கள் என்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு, சோதித்துப் பார்க்காமல் குறையைக் கண்டறிய முடியாத பொருளைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு வழி தருகிறது. அனுப்பப் பொருள் வேண்டுமே! என்னிடம் வந்த ஒரு வேளச்சேரிக் குடும்பம் வெயில் தாங்காமல் வெளியில் கம்ப்ரஸரை மாற்றிவிட்டு, அந்த பில்லை வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்டது. பழைய கம்ப்ரஸர் காயலான் கடைக்குப் போய்விட்டது. எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: “பழுதான பாகம் எங்கே?” இரண்டரை வருடம் நடந்த வழக்கு அந்தக் கேள்வியிலேயே முடிந்துபோனது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். அதைக் காட்டத்தான் கையில் ஒன்றும் இல்லை.

வெயிலில் மாமனாரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பொறுப்பது என்று கேட்பீர்கள். பொறுக்க வேண்டாம். அவர் அறைக்கு வேறு ஏசி வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். பழைய அவுட்டோர் யூனிட்டை அப்படியே முழுதாகக் கழற்றி மாடியில் மூடி வையுங்கள். கழற்றுவதற்கு முன் சீரியல் எண், பைப் இணைப்புகள், எண்ணெய்க் கசிவுத் தடம் எல்லாம் தெரியும்படி வீடியோ எடுங்கள். யூனிட்டைக் கழற்றலாம், பிரிக்கக் கூடாது.

அடுத்த ஆபத்து இதைவிடப் பெரியது. இரண்டு முறை வெளியில் கேஸ் போட்டதை மனுவில் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று உங்களுக்கும் ஒரு எண்ணம் வரும். ஏறக்குறைய எல்லாக் கட்சிக்காரர்களும் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. ஜாப் ஷீட்டில் அது ஏறிவிட்டது. ஜிபே பதிவு உங்கள் போனிலேயே இருக்கிறது. பிரமாணப் பத்திரத்தில் மறைத்தது வெளியே வந்தால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் பத்தியிலேயே தேதியோடும் தொகையோடும் எழுதுங்கள். அப்போது எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

ஓடிபி விஷயத்துக்கு வருகிறேன். ‘வேலை முடிந்தது, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்’ என்பதற்கு அதைத்தான் சான்றாகக் காட்டுவார்கள். இதைச் சரிக்கட்ட முடியும், ஆனால் நாள் தள்ளக் கூடாது. “பழுது சரிசெய்யப்படவில்லை, எஸ்டிமேட் மட்டுமே தரப்பட்டது, ஓடிபி கொடுத்ததை என் சம்மதமாகக் கொள்ள வேண்டாம், ஜாப் ஷீட்டின் நகலும் எஸ்டிமேட்டின் பிரிவுவாரி விவரமும் அனுப்புங்கள்” என்று இன்றே கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். வேலை முடியாமல் ஓடிபி சொல்லக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பிரிவுவாரி விவரம் ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், என் கணக்கில் இந்த வழக்கின் பணமே அதில்தான் இருக்கிறது. பத்து வருட வாரண்டி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் கம்ப்ரஸர் என்ற பாகத்துக்கு மட்டும்தான். கேஸ், வெல்டிங், ஃபில்டர் டிரையர், ஆள் கூலி, போக்குவரத்து, விசிட் சார்ஜ், அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். இதை வாங்கும்போது கடையில் யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் அட்டையின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். ஆகவே வழக்கில் முழுதாக ஜெயித்தாலும், 18,600-இல் கம்ப்ரஸர் விலை மட்டும்தான் கழியும். மிச்சம் ஆறேழாயிரம் நீங்கள் எப்படியும் கட்ட வேண்டியிருக்கும். சண்டை சுமார் 12,000 ரூபாய்க்குத்தான்.

5 லட்சத்தை மறந்துவிடுங்கள். எவ்வளவு கேட்கிறீர்கள் என்பது எந்த ஆணையம் விசாரிக்கும் என்பதைக்கூட மாற்றாது. இப்போதைய சட்டத்தில் நீங்கள் கொடுத்த விலையே கணக்கு. உங்கள் வழக்கு மாவட்ட ஆணையத்துக்குத்தான் போகும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கட்டணமும் இல்லை. ஏசி வழக்கில் மன உளைச்சலுக்கு நான் பார்த்த தொகைகள் சில ஆயிரங்கள். 5 லட்சம் என்று எழுதினால், மனுவைப் படிப்பவருக்கு உங்கள் நியாயத்துக்கு முன்னால் அந்த எண்தான் கண்ணில் படும்.

எனவே சமரசம் பேசுங்கள். தயங்காமல் சொல்கிறேன், இந்த விஷயத்தில் அதுதான் நல்ல முடிவு. அதே மெயிலில் கேளுங்கள்: கம்ப்ரஸரை வாரண்டியில் இலவசமாகத் தாருங்கள், கேஸுக்கும் கூலிக்கும் நான் பணம் கட்டுகிறேன், ஒழுகலையும் நைட்ரஜன் வைத்துச் சோதித்து அடைத்துத் தாருங்கள். கம்ப்ரஸர் விலையில் பாதி தருகிறோம் என்று அவர்கள் இறங்கி வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து கேள்வி போனதும் கம்பெனியின் தலைமை அலுவலகமே போன் செய்து பேசி முடித்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. மெயில் போட்டுக்கொண்டே இருந்தாலும், நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பினாலும் அந்தக் கெடு நீளாது. “பேசிக்கொண்டிருக்கிறார்கள் சார்” என்று சொல்லிக் கெடு முடிந்த மாதத்தில் என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான், ஆனால் 12,000 ரூபாய் வழக்கில் அந்த மனுவையும் சேர்த்து நடத்த யாருக்குத் தெம்பு இருக்கும்? பேச்சுக்கு 45 நாள் கொடுங்கள். அதற்குள் எழுத்தில் ஒன்றும் வரவில்லை என்றால், வேறொரு தகுதியான டெக்னீஷியனிடம் யூனிட்டைப் பிரிக்காமல் பார்த்து எழுத்தில் ஓர் அறிக்கை வாங்கிக்கொண்டு வழக்கைப் போடுங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுத்த 6,700 ரூபாயை மீட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பில் தராதது சட்டப்படி தவறுதான். ஆனால் ‘அவர் செய்த வேலை சரியில்லை’ என்று நீங்கள் அவர் மீது எழுதும் ஒவ்வொரு வரியும் கம்பெனிக்கு எதிரான உங்கள் வழக்கை உடைக்கும். இரண்டு பேர் மேலும் ஒரே சமயத்தில் பாய முடியாது. அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள்.