எட்டாவது சிம்பொனி எங்கே போனது?

கேள்வி: கோயில் நாகஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். அண்மையில் பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் ‘பின்லாந்தியா’வைக் கேட்டு நெகிழ்ந்தேன். கடைசி முப்பது ஆண்டுகள் அவர் பெரிதாக எதுவும் எழுதவில்லை என்கிறார்களே, உண்மையா? அடுத்து அவருடைய எந்தப் படைப்பைக் கேட்கலாம்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உண்மைதான். 1865-இல் பிறந்து 1957 வரை வாழ்ந்த சிபேலியஸ், 1926-இல் ‘தாப்பியோலா’ என்ற இசைக்குழுப் படைப்பை முடித்த பிறகு பெரிய படைப்பு எதையும் வெளியிடவில்லை. எட்டாவது சிம்பொனிக்காக (சிம்பொனி என்பது பெரிய இசைக்குழுவுக்கான, பல பகுதிகள் கொண்ட படைப்பு) பல ஆண்டுகள் உழைத்தவர், 1940-களில் யார்வென்பாவிலிருந்த தம் வீட்டின் கணப்பில் கையெழுத்துப் படிகள் பலவற்றை எரித்துவிட்டார். அதன் பிறகே அவர் மனம் அமைதியடைந்தது என்று மனைவி ஐனோ பின்னாளில் கூறினார். (‘ஐனோலா’ என்ற அந்த வீட்டின் பெயரே அந்த அம்மையாருடையதுதான்.)

கற்பனை வறண்டுவிட்டது என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தம் எழுத்தின் மீது அவர் காட்டிய கண்டிப்பு முதுமையில் வந்ததன்று. ஐந்தாவது சிம்பொனியைத் தமது 50-ஆம் பிறந்தநாளான 1915 டிசம்பர் 8 அன்று அவரே நடத்தி அரங்கேற்றினார். நாடே அவரைக் கொண்டாடியது. அவரோ நிறைவடையாமல் 1916-இலும் 1919-இலும் அதைத் திருத்தி எழுத, நான்கு பகுதிகள் மூன்றாயின. கைதட்டல் பெற்றதையே கலைத்துக் கட்டியவர், தமக்கு நிறைவு தராத எட்டாவதை வெளியிட மறுத்ததில் வியப்பில்லை.

நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டியதும் அந்த ஐந்தாவதுதான். ‘பின்லாந்தியா’ 1899-இல் ரஷ்ய ஆட்சியின் பத்திரிகைத் தணிக்கைக்கு எதிரான நிகழ்ச்சிக்காக எழுந்தது. அதை மட்டும் கேட்டால் அவரை நாட்டுப்பற்றுப் பாடகராக மட்டுமே எண்ணத் தோன்றும். ஐந்தாவதின் முதல் பகுதியில் முழு மெட்டைத் தேடாதீர்கள். மல்லாரி முடிந்தபின் நாகஸ்வர வித்வான் ராகத்தைப் பிடி பிடியாகத் தொட்டு விரிப்பதைப் போல, இங்கும் துணுக்குகளே முதலில் வரும். உருவம் மெல்லத் திரளும். 1915 ஏப்ரலில் 16 அன்னங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டுப் பறந்ததைக் கண்ட பரவசத்தை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்; இறுதிப் பகுதியில் ஹார்ன் என்னும் பித்தளை ஊதுகருவிகள் அகலமாக வீசி வாசிக்கும் மெட்டு அதனோடு சேர்ந்தது. வடுவூர் ஏரிக்கு வலசை வரும் பறவைகளைப் பக்கத்திலேயே பார்க்கும் உங்களுக்கு அந்தப் பரவசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. முடிவில் ஆறு முழக்கங்கள், இடையிடையே முழு மௌனத்துடன் வரும். முடிந்துவிட்டதென்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

அதன் பிறகு அவருடைய வயலின் கான்செர்டோவை (தனி வயலின் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கேளுங்கள். வயலின் கலைஞராகவே விரும்பி, 1891-இல் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் தேர்வில் இடம் கிடைக்காமல் போனவர், அந்த வாத்தியத்துக்கு எழுதிய ஒரே கான்செர்டோ அது.