பரணில் கிடந்த மிருதங்கம்: விலை எதற்கு?

கேள்வி: தாத்தா வாசித்த பலாமர மிருதங்கம் பல வருஷமாகப் பரணில் கிடக்கிறது. வலந்தலை (வலது பக்கத் தோல்) கிழிந்து, சோறு (அதன் நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு) பாதி உதிர்ந்துவிட்டது. ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். இன்னொருவர் ‘புராதனப் பொருள், லட்சம் சொல்லுங்கள்’ என்கிறார். எது சரி? – வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டுமே சரியில்லை. தோல், சோறு, வார் (தோலை இழுத்துக் கட்டும் பட்டை) மூன்றும் தேய்ந்து போகிற சாமான்கள். அடிக்கடி கச்சேரி செய்பவர் வலந்தலையை வருஷத்தில் பலமுறை மாற்றுவார். அதனால் கிழிசலைக் காட்டி விலையை அடிப்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். விலை கட்டைக்குத்தான், அதாவது மிருதங்கத்தின் மர உடலுக்குத்தான்.

பார்ப்பதற்கு முன் ஈரத்துணி, எண்ணெய், வார்னிஷ் எதுவும் வேண்டாம். முக்கியமாக வாரை இறுக்கிப் பார்க்காதீர்கள். காய்ந்த எருமைத்தோல் வார் பட்டென்று அறும். மிருதங்க வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, இரண்டு மூட்டுகளையும் (இருபக்கத் தோல்முகங்கள்) கழற்றச் சொல்லுங்கள். தோலோடு பார்த்துச் சொல்லும் மதிப்பு ஊகம்தான்.

வெறும் கட்டையை இருட்டறையில் வைத்து உள்ளே செல்போன் டார்ச்சை அடியுங்கள். வெளியே வெளிச்சக்கோடு தெரிந்தால் விரிசல் ஊடுருவியிருக்கிறது. மேலோட்டமான மயிரிழைக் கீறல்களுக்குப் பயப்பட வேண்டாம். வாயிலிருந்து (கட்டையின் திறந்த முனை) மர இழையோடு கீழிறங்கும் விரிசல்தான் ஆபத்து. வார் இழுக்க இழுக்க வளரும். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, மேலே சாயம் பூசி விற்பதும் உண்டு. அந்த இடத்தில் இழை ஓடாது, நகத்தால் தட்டினால் சத்தம் மாறும்.

அடுத்து வாய். கட்டையைச் சமமான கண்ணாடி மேல் நிறுத்தி, விளிம்பைச் சுற்றி வெளிச்சம் கசிகிறதா பாருங்கள். மேடுபள்ளமிருந்தால் வலந்தலையைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே சுருதி நிற்காது. சுருதி சேர்க்கக் கல்லும் கொட்டாப்புளியுமாக (மரச்சுத்தி) எவ்வளவு தட்டினாலும் வீண். வாயைச் செதுக்கிச் சரிசெய்யலாம். ஆனால் பலமுறை செதுக்கிய கட்டை நீளம் குறைந்து, விளிம்பும் மெலிந்திருக்கும்.

பூச்சித் துளை இருந்தால் கட்டையைக் கறுப்புத் தாள்மேல் ஒரு வாரம் வையுங்கள். புதிதாக மாவு கொட்டினால் உள்ளே உயிரோடு இருக்கிறது. பலாவின் வெளிறிய வெளிமரத்தைத்தான் பூச்சி முதலில் பிடிக்கும். மஞ்சள் வைரப்பகுதி தப்பிவிடும். தொப்பிப் பக்க (இடது பக்க) விளிம்பைத் தனியாகப் பாருங்கள். வாசிக்கும்போது பூசி, வழிக்காமல் விட்ட ரவைப்பசை அங்கே பூச்சியையும் பூஞ்சையையும் வரவழைத்திருக்கும்.

பிறகு நீளத்தை அளந்து பாருங்கள். 24 அங்குலத்தை ஒட்டியிருந்தால் தக்கு (தாழ்ந்த) சுருதி, ஆண் பாடகர்களின் ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு (இங்கே கட்டை என்பது சுருதி அளவு) ஆகும். 22 அங்குலம், சிறிய வாய் என்றால் ஐந்து கட்டைப் பக்கம். உங்கள் ஊரில் யார் வாங்குவார் என்பதை இதுவே முடிவு செய்யும்.

இனி கணக்கு. அதே அளவில் நல்ல புதுப் பலாக்கட்டையின் இன்றைய விலையைப் பண்ருட்டிப் பக்கமோ உங்கள் ஊர் கடையிலோ கேளுங்கள். அதில் பழுதுச் செலவைக் கழியுங்கள். விரிசலில்லாத, நன்கு உலர்ந்த கனமான கட்டை என்றால் கூடுதலாகக் கேட்கலாம். இனி சுருங்கி வெடிக்கும் பயம் குறைவு. தாத்தா பெரிய வித்வானோடு வாசித்தார் என்றால் இதே வாத்தியம் தெரியும் புகைப்படம் வேண்டும். வாய்வார்த்தைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

கேள்வி: பழைய மிருதங்கத்தை ஆஸ்திரேலியாவிலுள்ள மகனுக்கு அனுப்பலாமா? – வாசகர், திருச்சி

பதில்: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், மத்திய அரசின் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது. ஆகவே விலையை ஏற்ற ‘நூற்றைம்பது வருஷப் பழசு’ என்று எழுதிவைத்தால் அதுவே வினையாகும். வயது அதற்குள் என்றால் தடையில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் மரம், தோல் இரண்டையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும். பூச்சித் துளையோ ரோமம் ஒட்டிய தோலோ கண்டால் நிறுத்திவைப்பார்கள். பழைய தோல், ரவை எல்லாம் நீக்கி, பூச்சிமருந்துப் புகை போட்ட சான்றிதழோடு வெறும் கட்டையை அனுப்புங்கள். மூட்டுகளை மகன் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும்.